ஏழு சீட்டு வண்டி

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பெரிய வண்டி வாங்கிய கதையை யாராவது பெருமையாக ஆரம்பித்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. எழுந்து போய்விடுவேன். அவர்கள் பாதிக் கதையைத்தான் சொல்வார்கள். மீதியை நான் சொல்கிறேன்.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. சிங்காநல்லூரில் ஒரே வீட்டில் எட்டுப் பேர் இருந்தோம்: அப்பாவைப் பெற்ற அப்பாரு, அப்பா, அம்மா, சித்தப்பா, சித்தி, கல்யாணமாகாத அத்தை, நான், தம்பி. அந்தியூரில் அம்மாவின் தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மண்டபத்து வாசலில் சொந்த வண்டியில் போய் இறங்க வேண்டும் என்று அப்பாருக்கு ஆசை வந்துவிட்டது. குடும்பத்தோடு ஷோரூமுக்குப் படையெடுத்தோம்.

அடடா, என்ன ஆராய்ச்சி! அப்பாரு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன் சீட்டில் மூன்று தடவை ஏறி இறங்கிப் பார்த்தார். நடுவில் சித்தப்பா, சித்தி, அத்தை. கடைசி வரிசையில் நானும் தம்பியும். முழங்கால் முன் சீட்டில் இடித்தது, ஆனாலும் எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, எல்லாரும் தாராளமா உக்காந்தாச்சுங்க என்று விற்பனைக்காரரிடம் சொன்னார். அம்மா வெளியே நின்றிருந்தாள். போட்டோ எடும்மா என்று கூப்பிட்டது நான்தான். எடுத்தாள். ஏழு முகங்கள். அந்தப் படம் இன்றும் ஹாலில் தொங்குகிறது. குடும்பப் படமாம்!

பிறகு எங்களை இறக்கிவிட்டு, கடைசி வரிசையை மடக்கிப்போட்டு, சாமான் வைக்கிற இடத்தைப் பார்த்தார்கள். சித்தப்பா கையை நீட்டி முழம் போட்டார். சீர்த்தட்டு, அண்டா, வாழைத்தார் எல்லாம் போனாலும் இடம் மிச்சமிருக்கும் என்றார். ஆளை ஏற்றிப் பார்த்தாயிற்று, சாமானுக்கும் பார்த்தாயிற்று. இரண்டும் ஒன்றாகப் போனால் என்ன ஆகும் என்று கேட்டது அம்மா ஒருத்திதான்.

“ஏனுங்க, அந்தச் சீட்டை விரிச்சு வெச்சா சாமான் எங்கீங்க வெக்கறது?”

அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் அண்ணி என்று சித்தப்பா சிரித்தார். சித்தியும் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒரு சடங்கு உண்டு. மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவளைப் பக்கத்தில் நிறுத்திச் செய்வது. மாமாவுக்குக் கூடப்பிறந்தவள் அம்மா ஒருத்திதான். ஒரு மாதமாக அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. அதற்கென்று எடுத்த அரக்குப் பட்டைப் பிரித்துப் பிரித்துப் பார்த்து மடித்து வைத்தாள்.

கல்யாணத்துக்கு முதல் நாள் மாலையில் இணைச்சீர். மத்தியானம் சாமான் ஏற்றினார்கள். கடைசி சீட்டை மடக்காமல் ஓர் அண்டாகூட உள்ளே போகவில்லை. மடக்கினார்கள். ஐந்து சீட்டுதான் மிஞ்சியது. நானும் தம்பியும் மடியில் என்றாலும் ஓர் ஆள் அதிகம். சித்தப்பாவுக்கு இடுப்பு வலியாம். அத்தை பஸ்ஸில் தனியாகப் போக மாட்டாளாம். வாடகைக்கு ஒரு கார் கூப்பிடலாமே என்று அம்மா மெல்லச் சொன்னதற்கு, புது வண்டியை வாங்கிப்போட்டு வாடகைக் காரில் போய் இறங்கினால் நாலு பேர் என்ன பேசுவார்கள் என்றார் அப்பாரு. அப்புறம்தான் அந்த வார்த்தையைச் சொன்னார்.

“நீ பஸ்ஸுல வந்துரு அம்மணி. உம்பட ஊருதானே கண்ணு, வழி தெரியாதா?”

வாய் நிறைய அம்மணி, கண்ணு! எங்கள் ஊர் மரியாதைக்கு என்ன குறைச்சல்? ஆளைக் கழற்றிவிடுவதைக்கூடத் தேன் ஒழுகத்தான் செய்வோம். அப்பா வண்டிக்கு எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தார்.

அம்மா ஈரோடு போய் அங்கே பஸ் மாறி வர வேண்டும். நாங்கள் ஏசி போட்டுக்கொண்டு நேரத்தோடு போய்ச் சேர்ந்துவிட்டோம். வண்டியைச் சுற்றிக் கூட்டம். அப்பாரு கதவைத் திறந்து திறந்து காட்டினார். அக்கா எங்கே என்று மாமா கேட்டுக்கொண்டே இருந்தார். வந்துட்டிருக்குதுங்க என்று அப்பா ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னார். நல்ல நேரம் முடியப் போகிற சமயத்தில் மாமா போன் போட்டார். பஸ் இன்னும் பவானியையே தாண்டவில்லை. காத்திருக்க வேண்டாம், பெரியப்பா மகளை நிறுத்திச் செய்துவிடுங்கள் என்று அம்மாவே சொல்லிவிட்டாளாம். மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு மணையில் உட்கார்ந்தார்.

எல்லாம் முடிந்து பந்தி நடக்கும்போது அம்மா வந்தாள். முகமெல்லாம் புழுதி, கசங்கிய நூல் சேலை. பட்டு கைப்பையிலேயே இருந்தது. யார்மேலும் கோபப்படவில்லை. ஓடிப்போய்க் கட்டிக்கொண்ட என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“சாமானெல்லாம் நல்லபடியா வந்துச்சா கண்ணு?”

“எல்லாத்துக்கும் எடம் பத்துச்சும்மா” என்றேன்.

நல்ல சேதி சொன்னதாகத்தான் நினைத்தேன். பாவி, அதைச் சிரித்துக்கொண்டே வேறு சொன்னேன். அம்மா பையைக் கீழே வைக்காமல் ஏன் அப்படியே நின்றாள் என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.