எமிலியானாவின் நாற்பத்தொரு தென்னைகள்

இத்தாலியின் பலெர்மோ நகரில் ஏர்னஸ்றைத் தெரியாத தமிழர் குறைவு. ஞாயிற்றுப் பூசையில் காணிக்கைத் தட்டு ஏந்துகிறவர், சொந்த ஊரான பேசாலையிலிருந்து வந்து இருபத்துமூன்று வருடமானவர், பிலிப்பீன்ஸ்காரியைக் கட்டியவர். கடைசியாகச் சொன்னதைச் சொல்லும்போது மட்டும் சனம் குரலைத் தாழ்த்தும். அந்த மனைவி எமிலியானா இறந்த பிறகு இன்னும் தாழ்த்தியது.

இரண்டாயிரத்துப் பதினைந்து தை மாதம், பேருந்து நிறுத்தத்தில் நின்றவள் அப்படியே சரிந்தாள். தலைக்குள் இரத்தக்குழாய் வெடித்ததாம். செத்தவீட்டில் ஏர்னஸ்ற் அழவில்லை. அதன் பிறகும் அழவில்லை. காப்பிக் கெற்றிலில் கையைச் சுட்டுக்கொண்டால், கொப்புளத்தைப் பார்த்த பிறகுதான் சுட்டது தெரியும்.

பதினொரு வருடம் அவள் பார்த்த வேலையை அவரே எடுத்துக்கொண்டார். நாலாம் மாடியில் தனியாக இருக்கும் ஒரு இத்தாலியக் கிழவியை, ‘சின்யோரா’ அம்மாவைப் பராமரிக்கும் வேலை. சின்யோராவுக்கு நினைவு தவறிக்கொண்டிருந்தது. காலையில் காப்பியைக் கொண்டுபோனால் முதல் கேள்வி ஒன்றுதான்.

“எமிலியானா எங்கே?”

“வந்துகொண்டிருக்கிறாள், சின்யோரா.”

ஒருநாள் வாயில் வந்த பொய். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. அதைச் சொல்லும் அந்த ஒரு நிமிடம் அவள் உண்மையிலேயே படியேறி வந்துகொண்டிருப்பது போல இருக்கும்.

இப்படியே இரண்டு வருடம் ஓடியது. ஒரு மாலை, மகள் றெபேக்கா கைபேசியை மேசையில் வைத்துவிட்டு அவருக்கு முன்னால் வந்து இருந்தாள்.

“அப்பா, பிலிப்பீன்ஸிலையிருந்து மிண்டா சின்னம்மா கோல் எடுத்தவ. அம்மா வாங்கின காணி இருக்கெல்லோ, அதை வித்தவர் செத்துப்போனாராம். அங்கத்தை வரிப் பதிவிலை இன்னும் அவரின்ரை பேர்தானாம். மகன்காரன் அதைக் காட்டி வேறை ஆருக்கோ விக்கப் பாக்கிறானாம்.”

“எப்பிடி விப்பான்? உறுதிப்பத்திரம் எங்கட கையிலை இருக்கு.”

“உறுதி உங்கட பெட்டிக்குள்ளை இருக்கு. தேங்காயை அவன் புடுங்கிறான்.”

ஏர்னஸ்ற் மேசையில் கிடந்த கைபேசியைக் கவிழ்த்து வைத்தார். அவருக்கு எல்லாம் நினைவிருந்தது.

சின்யோராக்களின் குளியலறைகளைத் தேய்த்துத் தேய்த்து எமிலியானா வாங்கிய காணி அது. உறுதியை முடிக்கத் தங்கை மிண்டாவுக்கு அதிகாரம் எழுதிக்கொடுத்து, படத்தில் பார்த்தே வாங்கினாள். அந்தப் பக்கத்துக் காணிகள் பலவற்றுக்கு அரசாங்கத்தின் உரிமைப் பத்திரம் கிடையாது. நகரசபையின் வரிப் பதிவில் எவர் பெயர் இருக்கிறதோ, ஊருக்கு அவரே சொந்தக்காரர். மறுவருடமே அவள் சொன்னாள்: “நான் ஒருமுறை போய்ப் பதிவை என் பெயருக்கு மாற்றிவிட்டு வருகிறேன். என் காலால் அந்த மண்ணை மிதித்ததாகவும் இருக்கும்.”

தடுத்தவர் ஏர்னஸ்ற். பேசாலையில் உறுதி பெட்டிக்குள் இருந்தால் போதும். காணிக்கான சோலைவரித் துண்டு செத்துப்போன பாட்டன் பெயரில் நாற்பது வருடம் வந்தாலும் ஒருவரும் கவலைப்படுவதில்லை. உலகம் முழுக்க அப்படித்தான் என்று நினைத்தார். “கோயிலில் றெபேக்காவின் உறுதிபூசுதல் சடங்கை முதலில் வடிவாகச் செய்வோம். காணி எங்கே ஓடப்போகிறது?” என்றார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சோறு போட்டாள். அடுத்த வருடம் சின்யோரா இடுப்பை முறித்துக்கொண்டார்; அவரை விட்டுப் போக முடியவில்லை. அதற்கடுத்த தையில் எமிலியானாவே இல்லை. தன் மண்ணை மிதிக்காமலே போய்விட்டாள்.

“வாற ஞாயிறு ரோமிலையிருந்து பிலிப்பீன்ஸ் தூதரக ஆக்கள் இஞ்சை வருகினம்,” என்றாள் றெபேக்கா. “பள்ளிக்கூட மண்டபத்திலை. அவையிட்டை மிண்டா சின்னம்மாவுக்கு அதிகாரம் எழுதிக் குடுத்தா அவ பதிவை மாத்துவா. அதை விட்டா ரோமுக்குத்தான் போகோணும். அதுக்கிடையிலை அவன் வித்துப்போடுவான்.”

“பாப்பம்.”

“பாக்கிறதில்லை. போறம்.”

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் திருவிழா போல இருந்தது. தட்டுத் தட்டாக நூடில்ஸ், குழந்தைகளின் கூச்சல், எமிலியானா பேசும் அதே மொழி நாலு பக்கமும். ஏர்னஸ்றுக்கு அது கண்ணாடிக்கு அப்பால் நடப்பது போலிருந்தது. படிவத்தில் எழுதினார். பெயர், பிறந்த இடம். திருமண நிலை என்ற இடத்தில், ‘மணமானவர்’ பெட்டிக்குள் கை தானாகவே கோடு போட்டது.

மேசையில் இருந்த பெண் அதிகாரி வாசித்துவிட்டு இத்தாலியனில் கேட்டாள்: “காணி உங்கள் மனைவியுடையது. அவர் வந்து கையெழுத்து வைக்கலாமே?”

றெபேக்கா தகப்பனைப் பார்த்தாள். பின்னால் வரிசை நீண்டு கிடந்தது.

“அப்பா, சொல்லுங்கோ.”

அவர் பையின் வாரை இறுக்கிப் பிடித்தார்.

“நான் சொல்லமாட்டன். செத்தவீட்டிலை எல்லாருக்கும் நான்தான் சொன்னனான். எனக்கு அப்ப பதினேழு வயசு.”

அந்த வார்த்தை இரண்டு வருடச் சுவரில் எங்கோ ஒரு கல்லை அசைத்தது. ஏர்னஸ்ற் பைக்குள் கையை விட்டார். உறுதிக்குக் கீழே, பலெர்மோ நகரசபையான கொம்யூனேயில் கொடுத்த நாளிலிருந்து பிரிக்காத ஒரு கடித உறை கிடந்தது. அதைக் கிழித்து, மரணச் சான்றிதழை மேசையில் விரித்து வைத்தார். அதிகாரி அவருடைய தோளை ஒருமுறை தொட்டுவிட்டுப் புதிய படிவம் ஒன்றைத் தள்ளினாள். ‘மனைவியை இழந்தவர்’ என்ற பெட்டிக்குள் அவர் கோடு போட்டார். கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தார்.

ஆறு மாதம் கழித்து மிண்டா வரிப் பதிவின் படத்தை அனுப்பினாள். நகரசபை ஆள் நேரில் வந்து மரங்களை எண்ணிப்போனானாம். மகன்காரன் இப்போது அந்தப் பக்கம் வருவதில்லையாம். றெபேக்கா வாசித்துச் சொன்னாள்.

“தென்னை நாப்பத்தொண்டு. பலா ரெண்டு. சொந்தக்காரர்: எமிலியானாவின்ரை வாரிசுகள்.”

“அம்மான்ரை பேர் இருக்கோ?”

“இருக்கு. அங்கை அப்பிடித்தான் எழுதுவினமாம். செத்தாப்பிறகும் பேரை எடுக்கமாட்டினம்.”

ஏர்னஸ்ற் கைபேசியை வாங்கி அந்த எழுத்துகளைப் பெரிதாக்கிப் பார்த்தார். இறந்துவிட்டாள் என்று எழுதிக் கொடுத்ததால் மட்டுமே அந்தப் பெயர் அங்கே ஏறியிருந்தது. அந்த இரண்டு வருடம் போல அவர் இன்னும் வாய்மூடி இருந்திருந்தால் அவளுக்கு ஒரு தென்னைகூட மிஞ்சியிருக்காது.

மறுநாள் காலை காப்பியோடு போனார்.

“எமிலியானா எங்கே?”

“எமிலியானா இறந்துவிட்டாள், சின்யோரா.”

கிழவி அவரை வெறித்துப் பார்த்தார். பிறகு சட்டென்று அவருடைய கையைப் பிடித்தார். காப்பி தளும்பி விரிப்பில் கொட்டியது. “என் பெண்ணே, என் பெண்ணே” என்று வாய்விட்டு அழுதார். நெஞ்சில் சிலுவை போட்டுப் போட்டு அழுதார். ஏர்னஸ்ற் கையை விடுவிக்காமல் நின்றார். அவரால் முடியாததை அந்த வீட்டில் ஒருவர் அவருக்கும் சேர்த்துச் செய்துகொண்டிருந்தார்.

அடுத்த நாள் சின்யோரா எல்லாவற்றையும் மறந்திருந்தார். அதே கேள்வியைக் கேட்டார்.

ஏர்னஸ்ற் கோப்பையை முதலில் மேசையில் வைத்தார். பிறகு நேற்றுச் சொன்னதையே சொன்னார்.