தொடைப் பாக்கெட்டுக்குள் ஒரு படிப்பு

லிஃப்ட்காரருக்கு வாழ்க்கையில் எதற்கும் இவ்வளவு மண்டை காய்ந்ததில்லை. பெண் பார்க்கப் போனபோதுகூட அரை மணி நேரத்தில் சரி என்று தலையாட்டிவிட்டு வந்த மனுஷர். போகிற இடத்தில் வைத்துப் படிக்க ஒரு கருவி வாங்க மூன்று வாரம் அலைந்தார்!

இருபத்திரண்டு வருடமாக அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்க்கிறார். முழங்கால் இரண்டும் போய்விட்டன. சூப்பர்வைசர் பரீட்சை பாஸ் செய்தால் கீழே நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கலாம். இரண்டு முறை எழுதிக் கோட்டை விட்டாயிற்று. இது மூன்றாவது முறை, இதற்கு மேல் கம்பெனி எழுத விடாது.

பாடம் முழுவதையும் கம்ப்யூட்டர் ஃபைலாகத்தான் கொடுத்திருந்தார்கள், எழுநூறு பக்கம். அவருக்குக் கிடைப்பதோ துண்டு துண்டான நேரம். பஸ்ஸில் கொஞ்சம், மொட்டை மாடி மோட்டார் அறையில் மோட்டார் ஆறும்வரை கொஞ்சம். போனில் திறந்தால் இரண்டு பக்கம் தாண்டுவதற்குள், "அண்ணே, லிஃப்ட் நின்னுடுச்சு" என்று எவனாவது கூப்பிட்டுத் தொலைப்பான்.

ஆலோசனைக்கா பஞ்சம்?

"மாமா, பத்து இன்ச் டேப்லெட் ஒண்ணு, கண்ணை மூடிட்டு வாங்குங்க" என்றான் மனைவியின் தம்பி.

"வாங்கிட்டு எங்க மாப்ள வைக்கிறது? நான் லிஃப்ட் மேல நிப்பேன், பை கீழ கிடக்கும்."

"லேப்டாப்பா வாங்கினா பொண்ணுக்கும் ஆகும்ல" என்றாள் மனைவி.

"கிரீஸ் கையோட மடியில லேப்டாப்பா? விளங்கிடும்!"

"போனையே சைலன்ட்ல போட்டுட்டுப் படிங்கப்பா" என்றாள் கல்லூரிக்குப் போகும் மகள்.

"உள்ள மாட்டிக்கிட்டவன் கூப்பிட்டா யாரும்மா எடுக்கிறது?"

இவர்களை நம்பினால் வேலைக்காகாது என்று அவரே களத்தில் இறங்கினார். யூனிஃபார்மின் தொடைப் பாக்கெட்டை டேப் வைத்து அளந்தார். அதே யூனிஃபார்மோடு கடைக்குப் போனார்.

"ரேம் எவ்வளவு வேணும் சார்?" என்றான் விற்பனையாளன்.

"அதை விடுங்க தம்பி. இதுக்குள்ள போகுமா?" என்று தொடையைத் தட்டிக் காட்டினார்.

அவன் சிரிப்பை விழுங்கிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். இவர் பாக்கெட்டில் செருகி, உட்கார்ந்து, எழுந்து, கடை நடுவில் மண்டி போட்டும் பார்த்தார். புத்தகம் படிப்பதற்கென்றே செய்த ஆறு இன்ச் இ-ரீடர் ஒன்று கச்சிதமாக உள்ளே போனது. எடையே இல்லை. வெயிலில் கண் கூசாது, வாரக் கணக்கில் சார்ஜ் நிற்கும். விற்பனையாளன் இன்னும் ஏதேதோ சொன்னான், இவர் பில் போடச் சொல்லிவிட்டார்.

நான்கு நாள் ராஜா மாதிரி படித்தார். ஐந்தாம் நாள், பன்னிரண்டாம் மாடிக்கு மேல் மோட்டார் அறையில் உட்கார்ந்து சர்க்யூட் படங்கள் வரும் பாகத்தைத் திறந்தார். சிவப்பு ஒயர், மஞ்சள் ஒயர், நீல ஒயர் எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தன. திரையைத் துடைத்தார், அணைத்துப் போட்டார். சனியன், அது கறுப்பு வெள்ளை மட்டும்தான் காட்டுமாம்! பாக்கெட், எடை, வெயில், சார்ஜ் எல்லாம் பார்த்தவர், பொழுது விடிந்தால் கலர் ஒயரோடு மாரடிக்கிறவர், கலரை மட்டும் மறந்துவிட்டார்.

கடைக்குப் போன் போட்டார். "பிரிச்ச பெட்டியைத் திரும்ப எடுக்க மாட்டோம் சார்." பரீட்சைக்குப் பதினோரு நாள்தான் இருந்தது.

சாயங்காலம் வீடே அதிர்ந்தது. "உருப்படாததை வாங்கிட்டு வந்து நிக்கிறேன்! நேரமும் போச்சு, எல்லாம் போச்சு!"

"நான் அப்பவே..." என்று மனைவி ஆரம்பித்தாள்.

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம் தாயே!"

"கத்தாதீங்கப்பா. பரீட்சையில படம் எப்படித்தான் வருதுன்னு பாப்போம்" என்று மகள் அலமாரியைக் குடைந்து போன தடவைக் கேள்வித்தாளை எடுத்து மேஜையில் விரித்தாள். ஜெராக்ஸ் தாள். பக்கம் முழுக்க சர்க்யூட், அத்தனை கோடும் கறுப்பு.

"இதுலயும் கலர் இல்லையேப்பா. ஃபால்ட் எங்கன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

இந்த மாதிரித் தாளின் முன்னால்தான் அவர் இரண்டு முறையும் வியர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தார். வெளியே வந்து மேனேஜரிடம், மைத்துனனிடம், மனைவியிடம், படிக்க நேரம் கிடைக்கவில்லை என்று சொல்லியிருந்தார். சொல்லிச் சொல்லி அவரும் அதையே நம்பிவிட்டார்.

மகள் ஒரு கோட்டின் மேல் விரலை வைத்தாள். "இங்கிருந்து கரன்ட் எங்கப்பா போகுது?"

சிவப்பைச் சிவப்போடு சேர்ப்பார், நீலத்தை நீலத்தோடு சேர்ப்பார், லிஃப்ட் ஓடும். கரன்ட் எங்கே போகிறது என்று இருபத்திரண்டு வருடத்தில் யாரும் கேட்டதில்லை. அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

"அந்தப் பெட்டி மேல தப்பில்லம்மா," என்றார். "எனக்குக் கலர்தான் தெரியும். சர்க்யூட் தெரியாது."