பூட்டிய கடையின் படம்

இடிந்ததைப் படம் பிடிப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. இடிந்தது எதிர்த்துப் பேசாது. ஜெர்மனியின் ஹம் நகரில் உள்ள எங்கள் தமிழ்ப் புகைப்படச் சங்கம் இந்த வசதியில்தான் வாழ்கிறது. சனிக்கிழமைகளில் சாமத்தியவீடு என்னும் பூப்பு விழாக்களில் பிள்ளைகளை அட்டையில் செய்த நிலாவில் உட்காரவைத்துப் படம் எடுப்பவர்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் மூடிய நிலக்கரிச் சுரங்கத்தின் முன்னே நின்று பெருமூச்சு விடுவார்கள்.

நான் ஒவ்வொரு கோடையிலும் இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் ஒரு சிறிய ஊருக்குப் போய், ஒரே கைப்பிடிச் சுவருக்கருகில் நின்று, ஒரே கடையைப் படம் எடுத்துவந்தேன். பின்புறத்தில் திகதி எழுதுவேன். அவற்றில் மூன்றைச் சங்கத்தின் கண்காட்சிக்குக் கொடுத்தேன். முதலாவதில் ஐஸ்கிரீம் கடை. வாசலில் வரிசை, பக்கத்தில் சவாரிக் கழுதைகள். இரண்டாவதில் அதே கடை பலகை அடித்துப் பூட்டிக் கிடக்கிறது. பெயர்ப்பலகை முழுக்கக் கடற்பறவை எச்சம். மூன்றாவதில் மஞ்சள் பூசித் திறந்திருக்கிறது. வரிசை முன்னையதைவிடச் சிறியதுதான், ஆனால் வரிசை. திறந்தவள் என் மனைவியின் தங்கை. அவள் ஜெர்மனியை விட்டுப் போனபோது, ஒரு மாரிக் குளிருக்குத் தாங்கமாட்டாள், திரும்பி வருவாள் என்று ஹம்மில் பாதிப் பேர் சொன்னார்கள். அவர்கள் அந்த மூன்றாவது படத்தைப் பார்க்கவேண்டும் என்பதுதான் அவள் ஆசை.

சங்கத் தலைவர் மூன்றையும் மேசையில் பரப்பினார்.

"தம்பி, நடுவிலை இருக்கிறதுதான் படம். மற்ற ரெண்டும் கலண்டர்."

"மூண்டும் சேர்ந்தாத்தான் கதை, அண்ணை. திகதியும் வேணும்."

"கலைக்கு என்ன திகதி? விடுங்கோ, நான் பாக்கிறன்."

அவர் பார்த்த விதத்தைக் கண்காட்சித் திறப்பு நாளன்று கண்டேன். நடுப்படத்தை மட்டும் கறுப்பு வெள்ளையாக்கி, பெரிதாக அச்சிட்டு, 'கைவிட்ட கடல்' என்று பெயரும் வைத்திருந்தார். கடல் யாரையும் கைவிடவில்லை. அது அதே இடத்தில்தான் இருக்கிறது. மற்ற இரண்டும் மண்டபத்துச் சமையல் குசினிக் கதவுக்குப் பின்னால் சாத்திக் கிடந்தன.

படத்தின் முன்னே பட்டுச்சேலை கட்டிய ஓர் அக்கா கையில் பாதி கடித்த றோல்ஸுடன் நின்றார்.

"உது எங்கடை பிள்ளை இங்கிலாந்திலை எடுத்து நடத்தின கடையெல்லே? பூட்டியாச்சுப் போலை. பாவம். நான் அப்பவே சொன்னனான்."

ஒரு கலியாணத்துக்காக ஹம்முக்கு வந்திருந்த மச்சாள், அந்தக் கடைக்காரி, அவருக்குப் பின்னால்தான் நின்றாள். அவள் நேரே என்னிடம் வந்தாள்.

"அத்தான், திறந்த கடையைப் பூட்டிப்போட்டியள்."

நான் குசினிக்குப் போய் இரண்டு படங்களையும் எடுத்துவந்து, நடுப்படத்துக்கு இரு பக்கமும் மாட்டினேன். மூன்றின் கீழும் தடித்த பேனையால் திகதி எழுதினேன். தலைவர் ஓடிவந்தார்.

"தம்பி, சோகமெல்லாம் போச்சே."

"சோகம் வேணுமெண்டா மாசியிலை வந்து கடையைத் திறவுங்கோ, அண்ணை," என்றாள் மச்சாள். "காத்துக்குக் கதவே நிக்காது. அதையும் படம் எடுங்கோ."

அவர் சிரிப்பதுபோல ஏதோ செய்துவிட்டுத் தன் சுரங்கப் படங்களின் பக்கம் போனார். பட்டுச்சேலை அக்கா மூன்றாவது படத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தார். பாவம் பார்த்த அதே முகம் மாறச் சிறிது நேரம்கூடப் பிடிக்கவில்லை.

"அப்ப பிள்ளை, சமர் லீவுக்கு நாங்கள் குடும்பமா வந்தா தங்கி நிக்க இடமிருக்கோ?"

"ஓம் அக்கா, வாங்கோ. கடைக்குள்ளை வேலையும் இருக்கு."