ஒன்பதாம் நம்பர் மலையில் எடுத்த இரண்டு படங்கள்

ஹட்டனில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாணமும் சடங்கும் பிழைப்பு. பறவை, மிருகம் எடுப்பது கிறுக்கு. புதிதாகக் கெமரா வாங்கியவர்கள் யோசனை கேட்டு வந்தால் மூன்று விஷயம் சொல்வேன். மிருகத்தின் கண் உயரத்துக்கு இறங்குங்கள். கண்ணில் ஃபோகஸ் வையுங்கள். பின்னணியை மங்கலாக்குங்கள். முதல் இரண்டையும் இப்போதும் சத்தமாகத்தான் சொல்கிறேன். மூன்றாவதைச் சொல்வதற்கு முன், படம் எதற்கு என்று கேட்டுக்கொள்கிறேன்.

அதற்குக் காரணம் என் அக்கா. டயகம பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். அங்கே தேயிலைக் காட்டைப் பிரித்து ஒவ்வொரு பிரிவையும் ஒரு மலை என்பார்கள். ஒன்பதாம் நம்பர் மலையில் ஒரு சிறுத்தை வந்து பாறையில் படுக்கத் தொடங்கியது. எங்களுக்கு அது புலிதான். சிறுத்தை என்று சொன்னால் யாருக்கும் பயம் வராது. அக்கா குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளில் நாய்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. பெண்கள் அந்த மலைக்குப் போகப் பயந்தார்கள். போகாவிட்டால் பேர் விழாது, அன்றைய சம்பளம் போச்சு. தோட்டத்தை நடத்தும் துரையிடம் முறையிட்டால், வேலைக்கள்ளிகளுக்கு நாயும் புலியாகத்தான் தெரியும் என்று அனுப்பிவிட்டார். அக்கா எனக்கு ஃபோன் பண்ணினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பொழுது சாயும் நேரம், அந்தப் பாறைக்கு எதிரே, ஓடைக்கு இந்தப் பக்கச் சரிவில் குப்புறப் படுத்துக் காத்திருந்தேன். அட்டை கடித்ததைத் தவிர வேறு கஷ்டமில்லை. அது வந்தது. பெரிய லென்ஸில் அதன் கண் என் கண்ணுக்கு நேராக இருந்தது. பின்னால் இருந்ததெல்லாம் வெறும் பச்சையாகக் கரைந்துபோயிற்று. நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான், இன்றைக்கும். கணினியில் போட்டு நிழலைக் கொஞ்சம் தூக்கி, மீசையைக் கூர்மையாக்கினேன். ஓரத்தில் வெள்ளையாக ஒரு தீற்றல் கண்ணை உறுத்தியது. வெட்டி எறிந்தேன். மணப்பெண்களின் முகப்பருவை அழித்துப் பழகிய கை சும்மா இருக்காது.

அக்காவும் நானும் படத்தைக் கொண்டுபோய்க் காட்டினோம். துரை மெய்யாகவே ரசித்துப் பார்த்தார். பிறகு சிங்களத்தில், யால சரணாலயத்தில் எடுத்ததா என்று கேட்டார். இங்கேதான் என்றேன். இங்கே என்று சொல்ல இதில் என்ன இருக்கிறது என்றார். ஒன்றும் இருக்கவில்லை. நான் வெட்டிய அந்த வெள்ளைத் தீற்றல்தான் மலை நம்பர் எழுதிய கல். வெட்டாமல் விட்டிருந்தாலும் அந்த மங்கலில் நம்பர் தெரிந்திருக்காது.

இருவரும் திரும்பி ரோட்டுக்கு ஏறினோம். அக்கா சொன்னாள்: "படம் நல்லாத்தான் இருக்கு தம்பி. எந்த மலைன்னுதான் தெரியல."

எனக்குக் கோபம் வந்தது. அவள் மேலா, துரை மேலா, லென்ஸ் மேலா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. மறுநாளும் அவள் அதே மலைக்குத்தான் போனாள். பெண்கள் தகரத்தைத் தட்டித் தட்டிக் கொழுந்து பறித்தார்களாம். நான் ஸ்டூடியோவில் ஒரு சடங்கு ஆல்பத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேலை ஓடவில்லை.

அடுத்த ஞாயிறு மறுபடி போனேன். இந்தத் தடவை சின்ன லென்ஸ். கிட்டத்தில் இருப்பதும் தூரத்தில் இருப்பதும் ஒன்றுபோலத் தெளிவாக விழ வேண்டும் என்று துவாரத்தை முடிந்த மட்டும் சுருக்கினேன். வெளிச்சம் போதாமல் படம் முழுக்கப் புள்ளி. பாறையில் புலி சின்னதாக, வால் நுனி வெட்டுப்பட்டு. கல்லில் ஒன்பது. பாறைக்குப் பின்னால் ஒரு தண்ணீர் டாங்கி, லயத்துக் கூரைகள். போட்டிக்கு அனுப்பினால் முதல் சுற்றிலேயே தூக்கிப் போடுவார்கள். எடிட்டிங்கில் கையே வைக்கவில்லை. கோணலாக இருந்ததைக்கூட நேராக்கவில்லை. ஒன்றைத் தொட்டால் எல்லாவற்றையும் தொட்டதாகத்தான் சொல்வார்கள்.

துரை கல்லைப் பெரிதாக்கிப் பார்த்தார். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கைக் கூப்பிட்டார். மறுநாள் காலை பெரட்டில் எல்லாரையும் நிறுத்தி ஆள் பிரிக்கும்போது பெண்களை வேறு மலைக்கு அனுப்பினார்கள். பங்களா ஹாலில் மாட்டுவதற்கு அந்த முதல் படம் வேண்டும் என்று துரை கேட்டார். பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். அழகான படம், அதற்குரிய இடம்தான்.

இரண்டாவது படத்தை அக்கா கேட்டாள். கொண்டுபோய்க் கொடுத்தேன். லயத்து வாசலில் நின்று பார்த்தாள். புலியின் மேல் ஒரு விரலை வைத்தாள். பக்கத்து விரல் அவள் வீட்டுக் கூரையில் பட்டது. லென்ஸ் தூரத்தை நெருக்கிக் காட்டும் என்று சொல்லித் தேற்றலாமா என்று யோசித்தேன். சின்ன லென்ஸ் அப்படி நெருக்காது.

"மலைய மாத்திட்டாங்க," என்றாள். "லயத்த எப்ப மாத்துவாங்க?"