செயற்கைக்கோளுக்காக மூங்கில் பிடித்தேன்

1982 என்று நினைவு. நெய்வேலியில் குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் மைன்ஸில் எலெக்ட்ரீஷியன். பொழுதுபோக்குக்காக வயர்லெஸ்ஸில் பேசுகிற அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் வைத்திருந்தார். அவர் வீட்டு ஜன்னலிலிருந்து எங்கள் தோட்டத்து மூங்கில் கழி வரைக்கும் ஏரியலுக்காக ஒரு செம்புக் கம்பியை இழுத்துக் கட்டியிருந்தார். சம்மதம் கொடுத்தது என் கணவர். எனக்கு அது பிடிக்கவே இல்லை.

அன்று பக்கத்து வீட்டுக்காரருக்கு வார விடுமுறை. காலையில் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "ஏம்மா, இன்னைக்கு மட்டும் கம்பியில துணி போட்டுடாதீங்க" என்றார். நன்றாகவே காதில் விழுந்தது. விழாதது போல உள்ளே போய்விட்டேன். அப்புறம் வீம்புக்கென்றே ஈரப் போர்வையைத் தூக்கி அதில் போட்டேன். மூங்கில் முறிந்து விழுந்தது.

ஓடி வந்தவர் திட்டவில்லை. "பத்து மணிக்கு வந்துடும்மா" என்று மட்டும் சொன்னார், முகம் செத்துப்போய்.

என்ன வரும் என்று அப்போதுதான் கேட்டேன். சோவியத் நாட்டில் ஒரே ராக்கெட்டில் ஆறு குட்டிச் செயற்கைக்கோள்களை அனுப்பியிருக்கிறார்களாம், எல்லாம் இவரைப் போன்ற ரேடியோ பைத்தியங்களுக்காக. அதில் ஒன்றை மோர்ஸ் தந்திக் குறியில் தட்டிக் கூப்பிட்டால் தானாகவே பதில் சொல்லுமாம். நம் பக்கம் இருபது நிமிஷம்தான் இருக்கும். இரண்டு மாதமாக அது வருகிற நேரமும் இவர் வீட்டில் இருக்கிற நேரமும் ஒத்து வரவில்லை. நாளையிலிருந்து மறுபடி ஷிப்ட்.

எனக்கு மானமே போய்விட்டது. "நான் தூக்கிப் பிடிச்சுக்கறேங்க. ஷாக் அடிக்காதே?"

"அடிக்காதும்மா. இது கேக்கறதுக்கு மட்டுந்தான். அனுப்பற ஏரியல் மாடியில இருக்கு."

துவைக்கிற கல்லின் மேல் ஏறி, முறிந்த மூங்கிலைத் தூக்கிப் பிடித்து நின்றேன். தெருவே வேடிக்கை பார்த்தது. ஜன்னல் வழியாக முதலில் வெறும் இரைச்சல். பிறகு மெலிதாகக் கீச் கீச் என்று ஒரு சத்தம். அவர் தட்டினார். பதில் இல்லை. மறுபடி தட்டினார். தோள் கடுத்தது, நான் வேண்டாத தெய்வமில்லை.

திடீரென்று காகிதத்தோடு வெளியே ஓடி வந்தார். "பதில் வந்துடுச்சும்மா! என் லைசென்ஸ் எழுத்தைத் திருப்பிச் சொல்லி, எனக்குன்னு ஒரு வரிசை நம்பர் போட்டு, நன்றின்னும் சொல்லிச்சு!" அவர் கண் கலங்கியிருந்தது. மூங்கிலை இறக்கச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. எனக்கும் இறக்கத் தோன்றவில்லை.

எந்த ஊர், என்ன வேலை என்று பாராமல், கூப்பிட்டவருக்கெல்லாம் பதில் சொல்லி நன்றியும் சொல்கிற ஒன்றைச் செய்து மேலே அனுப்பியவர்களை நினைத்தால் இன்றும் கை கூப்பத் தோன்றுகிறது. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டவருக்கே பதில் சொல்லாதவள் நான். அன்றிலிருந்து யார் கூப்பிட்டாலும் முதல் குரலுக்கே "என்னங்க" என்று கேட்டுவிடுகிறேன்.