டைனமோ இரைச்சல்

அண்ணையின் புதிய ஆவணப்படத்தில் வெகுநேரம் திரை இருட்டாகவே இருந்தது. சைக்கிள் டைனமோவின் இரைச்சலும், அதற்கு அப்பால் இழுபட்டுத் தேயும் ஒரு பாட்டும் மட்டும் கேட்டன. என் வலது மணிக்கட்டு நொந்தது.

எங்கள் ஊர் கோப்பாயில் கரண்ட் இல்லாத, பற்றரியும் கிடைக்காத போர்க்காலம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றினால்தான் டைனமோவில் எங்கள் ரேடியோ பாடும். அண்ணை ரேடியோவில் காதை ஒட்டிக்கொண்டு படுத்திருப்பார்.

"அண்ணை, நானும் ஒருக்காக் கேக்கிறன். நீங்கள் சுத்துங்கோவன்."

"அவன் கேக்கட்டும் பிள்ளை, நீ சுத்து" என்பார் அம்மா.

என் கை ஓய்ந்தால் பாட்டு இழுபடும்.

"எடியே, பாட்டுச் சாகுது!" என்று அண்ணை கத்துவார்.

சுற்றுகிற எனக்கு ஒரு வரிகூட ஒழுங்காகக் கேட்டதில்லை. கேட்டதெல்லாம் இந்த இரைச்சல்தான்.

படம் முடிந்ததும் மண்டபமே எழுந்து கைதட்டியது. அந்த டைனமோச் சத்தம் எப்படிக் கிடைத்தது என்று ஒருவர் கேட்டார்.

"சின்ன வயசில தனிய இருந்து கேட்டது" என்றார் அண்ணை.

தனியவாம்! அப்ப பெடலைச் சுத்தினது ஆர், பேயோ?

பாட்டை மட்டும்தான் அவர் வைத்துக்கொண்டார் என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். எனக்கு மிஞ்சிய இரைச்சலையும் அவரே கொண்டுபோய்விட்டார்.