குதிரை வீட்டில் ஒரு ராணி

எதிர்ப்பக்கத்துக் கடைசி வரிசையை அடையும் சிப்பாய், எந்தக் கட்டத்தில் போய் நின்றாலும், ராணி, யானை, மந்திரி, குதிரை ஆகிய நான்கில் ஆடுபவர் விரும்பும் ஒன்றாக மாறும். சதுரங்கத்தின் சர்வதேச விதி இது. எனக்கு இது தெரியாது என்று சொன்னால் முழு உண்மை ஆகாது. தெரியாதவன் யாரிடமாவது கேட்டிருப்பான். எனக்கு வேறொன்று உறுதியாகத் தெரிந்திருந்தது. சிப்பாய் எந்தக் காயின் வீட்டில் ஏறுகிறதோ அந்தக் காயாகத்தான் மாறும். ராஜா வீட்டில் ஏறினால் ராணியாகும். எங்கள் வீட்டில் அப்படித்தான் ஆடினோம்.

எண்பதுகளின் நடுவில் நான் சங்கரன்கோவிலில் ஓர் அரசு அலுவலகத்தில் ஹெட்கிளார்க். விடுப்பு விதி, பயணப்படி விதி, எந்தக் கோப்பை எத்தனை ஆண்டு கழித்து எரிக்கலாம் என்ற விதி எல்லாவற்றையும் பக்க எண்ணோடு சொல்வேன். சதுரங்க விதிப் புத்தகத்தை மட்டும் புரட்டியதில்லை. ஏழு வயதில் கற்றதை யார் சரிபார்க்கிறார்கள்?

கல்லூரியில் என்னோடு படித்த கடையநல்லூர் நண்பர் வளைகுடாவில் வேலை பார்த்தார். ஒரு விடுமுறைக்கு வந்தபோது, நான் கேட்டுக்கொண்டபடி, டிவியோடு இணைக்கும் சிறிய கம்ப்யூட்டர் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் சதுரங்கம் ஆடும் நிரல் எழுத எனக்கு ஒன்றரை வருடம் பிடித்தது. நிரலை கேசட்டில் பதிந்து வைக்க வேண்டும். டேப்ரிக்கார்டரின் சத்தம் ஒரு மயிரிழை கூடினாலும் நிரல் திரும்பக் கம்ப்யூட்டரில் ஏறாது. ஏறிய பிறகு கரண்ட் போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அடுத்த விடுமுறைக்கு வந்தவர் ஒரு சதுரங்க மிஷினோடு வந்தார். பலகை வடிவில் இருக்கும். கட்டத்தை அழுத்தினால் சின்ன விளக்கு எரிந்து பதில் நகர்வைக் காட்டும். என் நிரலையும் அதையும் மோதவிட்டுப் பார்க்கலாம் என்றார்.

"ஒங்களுது ஜெயிச்சா கேசட்டை நான் கொண்டுட்டுப் போறேன். எங்க கம்பெனியில ஒரு எஞ்சினியர் இந்த மாதிரி எழுதுத ஆளைத்தான் தேடிட்டு இருக்காரு. ஜெயிச்சதுன்னு சொன்னா ஒங்களைக் கூப்பிட்டுக்கிடுவாரு."

நாற்பத்து மூன்று வயதில், விடுப்பு விண்ணப்பங்களுக்குக் குறிப்பு எழுதுவதிலிருந்து தப்பிக்க எனக்குக் கிடைத்த ஒரே வழி அது. ஆகவே ஒப்பீடு பழுதில்லாமல் நடக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். ஆறு ஞாயிற்றுக்கிழமை, ஆறு ஆட்டம். வெள்ளைக் காய் மாறி மாறி. இரண்டுக்கும் நகர்வுக்கு மூன்று நிமிடம். நிபந்தனைகளை வெள்ளைத் தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டோம். நண்பர் சிரித்துக்கொண்டே கையெழுத்திட்டார்.

ஐந்து ஆட்டம் முடிந்தபோது ஆளுக்கு இரண்டு வெற்றி, ஒன்று சமன். ஆறாவதில் என் நிரலின் கை ஓங்கியிருந்தது. அப்போதுதான் மிஷினின் சிப்பாய் ஒன்று குதிரை வீட்டில் ஏறியது. விளக்கு, ராணி என்று காட்டியது. நண்பர் அதை என் கம்ப்யூட்டரில் தட்டினார். தவறான நகர்வு என்று திரையில் வந்தது.

"என்ன அண்ணாச்சி, ஒங்க பெட்டி ஒத்துக்கிட மாட்டேங்கு?"

"எப்படி ஒத்துக்கிடும்? குதிரை வீட்டுல ஏறினா குதிரைதாம்வே."

"அப்ப மிஷினு பொய்யா சொல்லுது?"

"மிஷினு சொன்னா சட்டமாவே?"

அவர் மிஷின் பக்கம் திரும்பினார். "சரி, குதிரைன்னே போட்டு ஆடுவோம். இதுலயும் மாத்திக்கிடலாம்."

"ஆட்சேபணை வந்த பிறகு மேற்கொண்டு நகர்த்தக் கூடாது. இருக்கிற நிலை அப்படியே இருக்கணும்."

அடுப்படியிலிருந்து என் மனைவி, "டிவியும் அப்படியே இருக்கணுமா?" என்று கேட்டாள். ஆறு ஞாயிறாக அவள் டிவியில் இலங்கை ஒளிபரப்பு எதுவும் பார்க்கவில்லை.

நிலையைப் படமாக வரைந்தேன். மறுநாள் காலை சதுரங்க சங்கம் ஒன்றுக்கு, உரிய விதியைச் சுட்டித் தெளிவுரை வழங்கும்படி கடிதம் போட்டேன். வளைகுடாவுக்குத் திரும்பும் முன் நண்பர் மறுபடி வந்தார்.

"கேசட்டைத் தாங்க. ஜெயிச்சதுன்னு நான் சொல்லிக்கிடுதேன்."

"தீர்ப்பு வராம எப்படிச் சொல்லுவீரு?"

"யாரு அங்கன வந்து கேக்கப் போறா?"

"நான் கேப்பேன்லா."

அவர் காப்பியைக் குடித்துவிட்டு, கேசட் இல்லாமல் பஸ் ஏறினார்.

முதல் நினைவூட்டல் அனுப்பினேன், இரண்டாவதும் அனுப்பினேன். அலுவலகத்தில் எங்களுக்கு வரும் நினைவூட்டல்களை நாங்கள் என்ன செய்வோம் என்பதை நன்றாக அறிந்தவன், மற்றவர்கள் வேறு விதமாக நடப்பார்கள் என்று நம்பினேன். மூன்றாவதோடு இணைக்கப் படத்தை நகல் எடுத்தபோது பென்சில் நின்றுவிட்டது. கடைசி வரிசையின் மறுகோடியில் என் யானை நின்றது. இடையில் ஒரு காயும் இல்லை. குதிரை வீட்டில் ஏறியது ராணியோ குதிரையோ, அடுத்த நகர்வில் யானை அதை வெட்டியிருக்கும். ஆட்டம் எனக்குத்தான். இரண்டு பேரும் விதியைப் பார்த்தோம், பலகையைப் பார்க்கவில்லை. நண்பர் சொன்னபடி குதிரை என்று போட்டு ஆடியிருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும்.

என் நிரல் முட்டாள் இல்லை. நான் கொடுத்த உலகத்துக்குள் மூன்று நிமிடமும் நேர்மையாக யோசித்தது. அந்த உலகத்தில் ஒரு வரி தவறு. அதைத் திருத்த ஒரு மாலை போதும். எழுதியவனைத் திருத்துவது எளிதாயில்லை.

அன்றே நண்பருக்கு விமானத் தபால் எழுதி, கேசட்டை அனுப்பட்டுமா என்று கேட்டேன். எஞ்சினியர் வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார் என்று பதில் எழுதினார். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

மூன்றாவது நினைவூட்டலையும் அனுப்பினேன். தொடங்கிய கோப்பை முடிக்காமல் வைப்பது முறையல்ல. என் முதல் கடிதம் போனது கார்த்திகையில். நான் எழுதிய விதி தவறு என்று இரண்டே வரியில் சொன்ன சங்கத்தின் அஞ்சலட்டை வந்து சேர்ந்தது மறு வருடம், எங்கள் கோவில் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு மறுநாள்.